அமுக்கினால் சூடாகும் பை

தம்பி,

கெட்ட செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் வரவில்லை. மாலினியின் பிரசவத்துக்கு வந்துவிடுவேன், ஒன்றுக்கும் கவலைப்படாதீர்கள் என்று உன்னிடமும் அவளிடமும் வாய் ஓயாமல் சொன்னவள் நான்தான். நீயும் நம்பி டிக்கெட் எடுத்துவிட்டாய். அப்பா மட்டும் வருவார். இதைப் போனில் சொல்லலாம் என்று பல தடவை உன்னைக் கூப்பிட்டேன். நீ "ஹலோ மா, சாப்பிட்டீங்களா?" என்றதும் சாப்பாட்டைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். சொன்னால் நீ "அதுக்கு ஒரு வழி இருக்கு மா" என்று ஆரம்பிப்பாய், உடனே கம்ப்யூட்டரைத் தட்டி எதையாவது ஆர்டர் பண்ணுவாய், நானும் சரி சரி என்று தலையாட்டிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். வலது கை நடுவிரலால் போனில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுகிறேன். மற்ற விரல்கள் ஒத்துழைக்கவில்லை. விட்டு விட்டு எழுதுவதால் சொன்னதையே திரும்பச் சொன்னால் பொறுத்துக்கொள். நீ சின்னப் பையனாக இருந்தபோது ஒரே கதையை எத்தனையோ தடவை என்னைச் சொல்ல வைத்திருக்கிறாய், இப்போது உன் முறை.

என் விரல் விஷயம் உனக்குத் தெரியும், ஆனால் அது எப்படி ஆரம்பித்தது என்று முழுதாகச் சொன்னதில்லை. சிராங்கூன் ரோட்டுப் பூக்கடையில் நான் மாலை கட்டிக்கொண்டிருந்த நாட்களில், வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். ஆனால் எங்கள் கைக்கு வரும் பூவெல்லாம் ஃபிரிட்ஜிலிருந்து வரும். மல்லிகையும் ரோஜாவும் ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட வரும். ஒரு நாள் காலையில் கல்யாண ஆர்டருக்குக் கட்டிக்கொண்டிருந்தபோது, வலது கை ஆட்காட்டி விரல் பாதி வரைக்கும் வெள்ளைவெளேர் என்று ஆகிவிட்டது. தொட்டால் யாருடைய விரலையோ தொடுகிற மாதிரி இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து கட்டும் செல்வி அக்கா பார்த்துவிட்டு, "என்னடி இது, சுண்ணாம்புல கைய விட்டியா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு அது நீலமாகி, சிவப்பாகி, ஊசி குத்துகிற மாதிரி வலித்து, சரியாகிப் போனது. அதோடு விட்டது என்று நினைத்தேன். இந்த ஊரில் ஒருத்திக்குக் குளிரால் வியாதி வரும் என்று யார் நினைப்பார்கள்? டாக்டர் சொன்னபோது நானே நம்பவில்லை. "இங்க ஏது டாக்டர் குளிரு?" என்று கேட்டேன். அவர் தலைக்கு மேலே இருந்த ஏர்கானைக் காட்டினார். அப்புறம்தான் எம்ஆர்டி ரயிலும், பேரங்காடியும், பாலிகிளினிக்கும், உறவுக்காரர் வீட்டு ஹாலும் எனக்கு எதிரியாகிப் போயின.

அமுக்கினால் சூடாகும் அந்தப் பைகளை நீ முதன்முதலில் கொண்டுவந்த நாளை நினைத்துப் பார்க்கிறேன். உன் கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால். உன் மாலையையும் மாலினி மாலையையும் நான்தான் கட்டுவேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தேன். கடையில் இத்தனை வருஷம் ஊர்க்காரர்கள் கல்யாணத்துக்கெல்லாம் கட்டிவிட்டு, என் பிள்ளை கல்யாணத்துக்கு வெளியில் வாங்குவேனா? அப்பா கூடாது என்றார், செல்வி அக்கா கூடாது என்றார். நீ மட்டும் ஒன்றும் சொல்லாமல் வெளியே போய், உள்ளங்கை அளவு பை இரண்டைக் கொண்டுவந்து சமையலறை மேசையில் வைத்தாய். உள்ளே தண்ணீர் மாதிரி ஏதோ தளும்பியது, அதில் காசு போல ஒரு சின்னத் தகடு மிதந்தது. தகட்டை நீ இரண்டு விரலால் டக்கென்று மடக்கினாய். அந்த இடத்திலிருந்து வெள்ளையாக ஒன்று கிளம்பிப் பை முழுக்கப் பரவியது. நான் பயந்து கையை இழுத்துக்கொண்டேன்.

"தொட்டுப் பாருங்க மா, ஒண்ணும் பண்ணாது லா."

தொட்டேன். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் கொஞ்சம் ஆறினால் எப்படி இருக்குமோ அப்படிச் சுட்டது. கரண்ட் இல்லை, நெருப்பு இல்லை. "என்னடா மந்திரம் இது?" என்றேன்.

"மந்திரமெல்லாம் இல்ல மா. வினிகரும் சோடா மாவும் சேர்ந்தா ஒரு உப்பு வரும், அதுதான் இது. சிப்ஸ்ல கூடப் போடுறாங்க. கொதிக்கிற தண்ணில போட்டா இந்த உப்பு உருகித் தண்ணி ஆயிடும். ஆறினா திரும்பக் கெட்டி ஆகணும்தானே? ஆனா ஆகாது. அப்படியே தண்ணியாவே இருக்கும். எங்கேர்ந்து ஆரம்பிக்கிறதுன்னு அதுக்குத் தெரியாது."

"தெரியாதுன்னா?"

"யாராவது ஒருத்தர் முதல்ல உட்காரணும் மா. இந்தத் தகட்டோட இடுக்குல கண்ணுக்குத் தெரியாத ஒரு உப்பு மணி ஒட்டிக்கிட்டு இருக்கும்னு சொல்றாங்க. மடக்கினதும் அது வெளிய வருது. அதைப் பார்த்து மத்ததெல்லாம் வரிசையா உட்கார்ந்துடுது."

"கல்யாணப் பந்தியில முதல் ஆளு உட்கார்ற வரைக்கும் எல்லாரும் நின்னுக்கிட்டே இருப்பாங்களே, அப்படியா?" என்றேன். நீ மேசையைத் தட்டி, "அதேதான் மா! எங்க லெக்சரர் கூட இவ்வளவு நல்லா சொல்லல," என்றாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சரி, சூடு எங்கேயிருந்து வருகிறது என்று கேட்டேன். நீ சொன்ன பதிலை நான் மறக்கவே இல்லை. அந்தப் பை சூட்டை உண்டாக்குவதில்லை, கொதிக்க வைத்தபோது அடுப்பிலிருந்து வாங்கி உள்ளே வைத்துக்கொண்ட சூடுதான் அது, உட்காரும்போது அதை வெளியே விடுகிறது என்றாய். எத்தனை நாள் வைத்துக்கொண்டிருக்கும் என்று கேட்டதற்கு, "யாரும் அமுக்கலைன்னா மாசக் கணக்கா வச்சிருக்கும் மா. ஃபிரிட்ஜ்ல வச்சாலும் அப்படியேதான் இருக்கும்," என்றாய்.

உன் மாலையைக் கட்டியது இப்படித்தான். ஈரப் பூவைக் கையில் எடுப்பேன், கொஞ்ச நேரம் கட்டுவேன், விரல் வெளுக்க ஆரம்பித்ததும் இரண்டு பைகளுக்கு நடுவே கையைத் திணித்துக்கொள்வேன். பை ஆறிக் கல்லாகிவிட்டால் நீ எடுத்துப்போய்க் கொதிக்க வைத்துவிட்டு, தயாராக இருக்கும் இன்னொரு பையை டக்கென்று அமுக்கிக் கொடுப்பாய். மாப்பிள்ளைப் பிள்ளை, கையில் மருதாணி போட வேண்டியவன், வேர்க்க வேர்க்க அடுப்படியில் நின்றாய். டோபி காட் பக்கம் கோயிலில் அந்த மாலையைப் போட்டுக்கொண்டு நீ நின்றபோது, மாலையைப் பார்த்தேனா உன்னைப் பார்த்தேனா என்று எனக்கே தெரியவில்லை. என் வாழ்க்கையில் நான் நிறைவாக இருந்த நாள் எது என்று யாராவது கேட்டால் அதைத்தான் சொல்வேன். அன்றைக்கு ஒரு விஷயத்தை நான் கவனிக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் தகட்டை அமுக்கியது நீ. நான் ஒரு தடவைகூட அமுக்கவில்லை.

நீங்கள் இருவரும் கனடாவுக்குப் போன பிறகு அந்த வேலை அப்பா கைக்கு வந்தது. அவர் பஸ் ஓட்டிய கையால் அமுக்குகிறார், பை கிழிந்துவிடுமோ என்று எனக்குப் பக்கென்று இருக்கும். கொதிக்க வைப்பது மட்டும் என் வேலை. அதில் நான் பண்ணின கூத்துதான் உனக்குத் தெரியுமே. தனியாக எதற்கு ஒரு பாத்திரம், எப்படியும் காலையில் இட்லிப் பானை கொதிக்கிறது என்று, மேல் தட்டில் இட்லியும் கீழ்த் தட்டில் பைகளுமாக வைத்தேன். இட்லி வெந்ததும் இரண்டையும் சேர்த்தே இறக்கினேன். பை கண்ணாடி மாதிரி தெளிவாகத்தான் தெரிந்தது. ஆறப் போட்டுவிட்டு வந்து பார்த்தால், யாரும் தொடாமலேயே முழுப் பையும் கல்லாகிக் கிடக்கிறது. அப்பா அதைத் தட்டிப் பார்த்து, "இட்லி வெந்துடுச்சு, இது வேகலையே," என்றார். கெட்டுப்போன சாமானை உன் தலையில் கட்டிவிட்டான் கடைக்காரன் என்று நான் வீடியோ காலில் திட்ட, நீ விழுந்து விழுந்து சிரித்தாய். தையல் ஓரத்தில் ஒரே ஒரு மணி உருகாமல் மிச்சம் இருந்தாலும் போதும், ஆறும்போது அது மற்றதையெல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்துவிடும் என்றாய். "இட்லி டைமிங் பத்தாது மா, இன்னும் நல்லா கொதிக்கணும்," என்றாய். அன்றிலிருந்து பழைய கஞ்சிச் சட்டியில் துணியை அடியில் போட்டு, ஓரமெல்லாம் விளக்கு வெளிச்சத்தில் பார்த்துப் பார்த்துக் கொதிக்க வைக்கிறேன். அந்த வேலையில் இப்போது என்னை யாரும் மிஞ்ச முடியாது. சொல்லிக்கொள்ள வேறு என்ன இருக்கிறது எனக்கு?

மாலினி உண்டாகியிருக்கிறாள் என்று நீ சொன்ன அன்றைக்கு அவள்தான் போனை வாங்கிப் பேசினாள். "அத்தை, எனக்கு அம்மா இல்ல. நீங்க வந்தா போதும், வேற எதுவும் வேணாம்," என்றாள். பள்ளிக்கூடம் படிக்கும்போதே தாயை இழந்த பெண். அவளிடம் நான் என்ன சொல்ல முடியும்? வருகிறேன் என்று சொன்னேன். பூண்டுக் குழம்பு வைப்பேன், கருவாடு கொண்டுவருவேன், பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவேன், அவள் தலைக்குச் சாம்பிராணி போடுவேன் என்றெல்லாம் அடுக்கினேன். தை மாதம்தான் பிள்ளை பிறக்கும் என்றதும் என் விரல்களைப் பார்த்துக்கொண்டேன். உங்கள் ஊர் தை மாதத்தை நீ படம் எடுத்து அனுப்பியிருந்தாயே, கார் இருக்கிற இடமே தெரியாமல் பனி மூடிக்கிடக்க. ஆனாலும் வருகிறேன் என்றுதான் சொன்னேன். அடுத்த மாதமே ஒரு பெட்டி நிறைய பைகளும், கையுறைகளும், காலுறைகளும் வந்து இறங்கின. எந்தக் கஷ்டம் வந்தாலும் ஒரு சாமான் வாங்கிக் கொடுத்தால் தீர்ந்துவிடும் என்கிற புத்தி உனக்கு அப்பாவிடமிருந்து வந்தது. நான் சாப்பிடாமல் படுத்துக்கிடந்தால் அவர் மிக்ஸி வாங்கி வருவார்.

பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஜூரோங் பக்கம் செயற்கைப் பனி கொட்டி வைத்திருக்கும் கூடம் ஒன்று இருக்கிறதே, பள்ளியில் உன்னைக் கூட்டிப்போய் நீ மூக்கு ஒழுக ஒழுக வீட்டுக்கு வந்தாயே, அதேதான். அங்கே போய் ஒரு ஒத்திகை பார்த்துவிட்டால் என்ன? பையும் கையுறையும் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் தாங்க முடிந்தால், உங்கள் ஊரில் கார் ஏறி இறங்குகிற நேரத்தையும் தாங்கிவிடலாம். அப்பாவிடம் சொன்னேன். "உனக்கென்ன கிறுக்கா? டிக்கெட் எடுத்து விறைக்கப் போறியா?" என்று குதித்தார். பிறகு அவரே சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். சிராங்கூனில் ஏறி, டோபி காட்டில் மாறி, ரயிலில் ஏர்கான் அடிக்காத இடமாக எனக்குத் தேடித் தேடி, கடைசி வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

உள்ளே போக அப்பாவுக்கு முட்டி ஒத்துக்கொள்ளவில்லை. வெளியே பெரிய கண்ணாடி ஒன்று இருந்தது, அதன் முன்னால் கோப்பியோடு உட்கார்ந்துகொண்டார். நான் சுரிதாருக்கு மேல் அவர்கள் கொடுத்த தடிச் சட்டையையும் பூட்ஸையும் மாட்டிக்கொண்டு, இரண்டு பக்கப் பாக்கெட்டிலும் பைகளோடு போனேன். நான் போன கோலத்தைப் பார்த்து அப்பா போனில் படம் எடுத்தார். உள்ளே பிள்ளைகள் கத்திக்கொண்டு சறுக்கி விளையாடினார்கள். முதலில் நன்றாகத்தான் இருந்தது, தம்பி. பொய் சொல்லவில்லை. மூச்சு புகையாக வந்தது, எனக்குச் சிரிப்புகூட வந்தது. ஓ, இவ்வளவுதானா, இதற்கா பயந்தேன் என்று நினைத்தேன். மாலினிக்குப் பத்தியச் சாப்பாடு ஆஸ்பத்திரிக்கு எப்படிக் கட்டிக் கொண்டுபோவது என்றுகூட யோசித்தேன்.

விரல் மரக்க ஆரம்பித்ததும் பையை எடுத்தேன். கையுறையோடு தகட்டை அமுக்கினேன், வழுக்கியது. திரும்ப அமுக்கினேன், மடங்கவில்லை. சரி என்று கையுறையைக் கழற்றினேன். கழற்றியிருக்கக் கூடாது. வெளியே எடுத்த நிமிஷமே அத்தனை விரலும் வெளுத்துவிட்டது. பை கையில் இருக்கிறது, தகடு எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரியவில்லை. கண்ணால் பார்த்துப் பார்த்து அமுக்குகிறேன், விரலில் பலமே இல்லை. பல்லால் கடித்துப் பார்த்தேன், தம்பி. இந்த வயதில், அத்தனை பேர் நடுவில், பிளாஸ்டிக் பையைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பைக்குள் என் அடுப்புச் சூடு இருக்கிறது, நான் பார்த்துப் பார்த்துக் கொதிக்க வைத்த சூடு. எனக்குத் தேவைப்படுகிற நேரத்தில் அதை வெளியே எடுக்க என் கையால் முடியவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பாவைப் பார்த்து, வாருங்கள் என்று கையை ஆட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே எனக்கு டாட்டா காட்டினார்.

அங்கே வேலை பார்க்கும் ஒரு மலாய்ப் பெண் ஓடி வந்தாள். "ஆன்ட்டி, ஓகே ஆ? ஓகே ஆ?" என்று கேட்டுக்கொண்டே பையை வாங்கி ஒரே அமுக்கில் அமுக்கி என் கையில் சுற்றினாள். வெள்ளை பரவியது. ஆனால் வீட்டில் வருகிற சூடு வரவில்லை. அங்கே இருந்த குளிரில் பையே சில்லிட்டுப் போயிருந்தது. தன்னைச் சூடாக்கிக்கொள்ளவே அதற்குப் பெரும் பங்கு போய்விட்டது, எனக்கு மிச்சம் கொஞ்சம்தான். அந்தப் பெண் என்னைத் தோளோடு அணைத்து வெளியே கூட்டிவந்தாள். அப்பா என் விரல்களைப் பார்த்தார். கோப்பியைக் கீழே வைத்துவிட்டு, தன் சட்டையைத் தூக்கி என் இரண்டு கையையும் தன் வயிற்றில் வைத்து அழுத்திக்கொண்டார். ரயிலில் வரும்போதும் என் கையை விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் போனில் எடுத்த படத்தை அழித்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஆட்காட்டி விரல் நுனியில் கொஞ்ச நாளாக ஆறாமல் இருந்த புண் ஓரமாகக் கறுத்துவிட்டது. டாக்டர் பார்த்துவிட்டுத் திட்டினார். இன்னொரு தடவை இப்படிக் குளிரில் மாட்டினால் நுனியை எடுக்க வேண்டியிருக்கும் என்றார். போனால் போகட்டும், ஒரு விரல் நுனிதானே, பேரப் பிள்ளையைவிட அது பெரிதா என்று நான் கேட்டேன். நிஜமாகவே கேட்டேன். அப்போதுதான் அவர் ஸ்கேன் படத்தைத் திருப்பிக் காட்டினார். என் விரலில் தோலை இறுக்குகிற அதே வியாதி நுரையீரலுக்கும் போயிருக்கிறது. மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவதை நான் வயசு என்று நினைத்திருந்தேன். அத்தனை மணி நேரம் விமானத்தில் உட்காரக் கூடாது என்றார். கோடைக்காவது போகலாமா என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "லெட்ஸ் ஸீ ஹவ் யூ ஆர் தென், ஆன்ட்டி," என்றார். இத்தனை வருஷம் கடையில் நின்று ஆட்களைப் பார்த்தவளுக்கு அதற்கு அர்த்தம் தெரியாதா? மாலினி வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறாள் என்றுதான் இதைச் சொல்லாமல் வைத்திருந்தேன். அவளுக்கு ரத்த அழுத்தம் ஏறி, அவளையும் விமானம் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நான் அங்கே வர முடியாது, அவள் இங்கே வர முடியாது. நடுவில் நீ. பிள்ளை கொஞ்சம் வளர்ந்ததும் தூக்கிக்கொண்டு வருவோம் மா என்பாய். வருவாய், எனக்குத் தெரியும். எப்போது என்று கேட்கத்தான் பயமாக இருக்கிறது.

எனக்கு ஆறுதல் சொல்லாதே. பாசிட்டிவாக இருங்கள் என்று உன் வயதுக்காரர்கள் சொல்வீர்களே, அதைக் கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. முருகனிடமும் சண்டை போட்டுவிட்டேன். தைப்பூசத்துக்கு வருஷா வருஷம் இந்தக் கையால்தானே பால்குடத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தேன், உனக்குக் கண் இல்லையா என்று கேட்டேன். இரவெல்லாம் மாலினி நினைப்புதான். பிள்ளை பெற்றவளுக்கு ஆயிரம் தொந்தரவு இருக்கும், பால் கட்டிக்கொள்ளும், தையல் வலிக்கும், காரணமே இல்லாமல் அழுகை வரும். அதையெல்லாம் மாமனாரிடம் எப்படிச் சொல்வாள்? அவளுக்கு வேண்டியது ஒரு பெண்துணை. நானிருந்தும் அவள் இரண்டாவது தடவையும் தாயில்லாதவளாக இருக்கப் போகிறாள். இதை நினைத்தால் எனக்கு நெஞ்சு வெடிக்கிறது. இதற்கு ஒரு சாமானும் வாங்க முடியாது, தம்பி. அவள் அழுதால் நீ கடையைத் தேடாதே, டாக்டருக்கு மெசேஜ் போட்டுவிட்டு நல்ல கணவன் என்று நினைத்துக்கொள்ளாதே. பக்கத்தில் போய் உட்கார். என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்காதே, சும்மா உட்கார். அவள் சொல்லக் கூச்சப்படுவதை நீயாகக் கண்டுபிடி. நீ பிறந்தபோது உன் அப்பாவுக்கு அது தெரியவில்லை, மிக்ஸிதான் வாங்கி வந்தார்.

அப்பாவைப் பற்றிக் கவலைப்படாதே. வயதான காலத்தில் பூண்டு உரித்துப் பழகுகிறார். நேற்று வைத்த குழம்பில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டு, "பத்தியச் சாப்பாடுன்னா இப்படித்தான் இருக்கும்," என்று என்னிடமே கதை விட்டார். தலையணையைக் காலில் போட்டுக் குழந்தை குளிப்பாட்டக் கற்றுக்கொடுத்தேன். தலையணை இரண்டு தடவை கீழே விழுந்தது. அதனால் குளிப்பாட்டுவதை நீயே பண்ணு. "உன்னை விட்டுட்டு நான் எப்படிப் போவேன்?" என்று என்னிடம் அவர் ஒரு மூச்சு அழுதார். செல்வி அக்கா வந்து என்னோடு தங்குவதாகச் சொல்லியிருக்கிறார். நான்தான் அப்பாவைப் பிடித்துத் தள்ளுகிறேன். ஒருத்தராவது அந்தப் பிள்ளையின் முகத்தை நேரில் பார்க்கட்டும்.

அவரிடம் ஒரு பிஸ்கட் டின் கொடுத்து அனுப்புகிறேன். நீ அனுப்பிய பைகள் அத்தனையும் அதில் இருக்கின்றன, பழைய பைகளையும் சேர்த்து. எனக்கென்று ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. என் கையால் அமுக்க முடியாத பை எனக்கு எதற்கு? இன்றைக்கு எல்லாவற்றையும் கஞ்சிச் சட்டியில் போட்டுக் கொதிக்க வைத்தேன். இட்லி வேகிற நேரமெல்லாம் இல்லை, நன்றாகவே கொதிக்க வைத்தேன். ஒவ்வொன்றாக ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து ஓரமெல்லாம் பார்த்தேன், ஒரு மணிகூட மிச்சம் இல்லை. ஆறிவிட்டன, இன்னும் தண்ணீராகவே இருக்கின்றன. தகடு மடங்காமல் இருக்க ஒவ்வொரு பையையும் துண்டில் சுற்றி வைத்திருக்கிறேன். பெட்டியைத் தூக்கிப் போட வேண்டாம் என்று அப்பாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். ஆனாலும் விமானத்தில் யார் எப்படித் தூக்கிப் போடுவார்களோ. வந்து சேரும்போது சில பைகள் கல்லாகியிருக்கலாம். அவற்றின் சூடு வழியிலேயே யாருக்கும் இல்லாமல் போயிருக்கும். அவற்றை நீ அங்கே கொதிக்க வைத்துக்கொள்ளலாம். கை சூடாகும். ஆனால் அது உன் வீட்டு அடுப்புச் சூடு.

ஒரு பையாவது தண்ணீராக வந்து சேர்ந்தால், அதை மட்டும் வீணாக்காமல் வைத்திரு. ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போ. பிள்ளையை உன் கையில் கொடுப்பதற்கு முன்னால், தகட்டை அமுக்கி, துணி சுற்றி, இரண்டு கைக்கும் நடுவில் வைத்துக்கொள். பிள்ளை மேல் வைக்காதே, தோல் பொத்துப் போகும். உன் கையில் மட்டும் வை. நம் வீட்டுச் சமையலறையில், உன் மாலைக்காக நீ வேர்க்க வேர்க்க நின்றாயே, அதே அடுப்பில் நான் ஏற்றிய சூடு அது. கொஞ்ச நேரம்தான் இருக்கும், அதற்கு மேல் அம்மாவிடம் இல்லை. கை நன்றாகச் சூடானதும் பையைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளையை வாங்கு. முதலில் தூக்கியது நான் என்று இருக்கட்டும்.

அம்மா